பூங்காவில் எடுத்த விலங்குப் படம் ஏன் சரியாக வரவில்லை: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை ஒரு நாள் முழுக்கச் சுற்றி முந்நூறு, நானூறு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் தேறுவது நாலைந்து. புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் பலருக்கும் இதுதான் நடக்கிறது. உடனே பெரிய லென்ஸின் விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால், கெட்டுப்போன படங்களையே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் படத்திலேயே ஓர் அடையாளம் இருக்கும். அது பிடிபட்டால் காரணமும் பிடிபடும். பெரும்பாலானவை, நிற்கும் இடத்தையும் போகும் நேரத்தையும் மாற்றினாலே தீர்ந்துவிடும்.

இங்கே வரும் அளவுகள் 18–55 மி.மீ. கிட் லென்ஸும் (கேமராவோடு சேர்ந்து வருவது) 55–250 அல்லது 70–300 ஜூமும் உள்ள, ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் கொண்ட சாதாரண கேமராவுக்கானவை. கைப்பேசிக்கு மாறும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

தொடக்க அமைப்பு இப்படி இருக்கட்டும்: மேனுவல் மோட், ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம், நொடியில்) 1/500, லென்ஸ் தரும் மிகச் சிறிய எஃப் எண் (எண் சிறியதானால் லென்ஸின் துவாரம் பெரிது), ஐஎஸ்ஓ (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோ, அதன் மேல்வரம்பு 6400. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், ஃப்ளாஷ் அணைத்து, கோப்பு ரா வடிவில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக்கோப்பு). மேனுவலில் ஐஎஸ்ஓ ஆட்டோவோடு எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அளவு) வேலை செய்யாத பழைய மாடல் என்றால், ஷட்டரை மட்டும் நீங்கள் வைக்கும் ஷட்டர் பிரயாரிட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படம் தெளிவாக இல்லை

முதலில் லென்ஸைத் துடையுங்கள். கைப்பேசி என்றால் கட்டாயம். விரலின் எண்ணெய்ப் படலம் இருந்தால் எந்த அமைப்பும் உதவாது. விளக்கையும் வானத்தையும் சுற்றிப் புகை போட்டதுபோல் வரும்.

பிறகு படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, விலங்கை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள புல்லையும் கல்லையும் பாருங்கள். நாலு விதமாக இருக்கலாம்.

எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. 250 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் ஏறத்தாழ 375 மி.மீ. போல நடந்துகொள்ளும், எனவே கையில் பிடித்து எடுக்க 1/400-க்குக் குறையக் கூடாது. இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், முழங்கைகள் விலாவில் ஒட்டி, மூச்சை விட்ட பிறகு பொத்தானை அழுத்துங்கள். உலா வண்டியில் போகும்போது லென்ஸை ஜன்னல் விளிம்பில் சாய்க்காதீர்கள். என்ஜின் அதிர்வு நேரே உள்ளே இறங்கும். கையில் பிடித்து 1/1000 வையுங்கள்.

புல் தெளிவாக, விலங்கு மட்டும் கலங்கியிருந்தால் விலங்கு அசைந்திருக்கிறது. லென்ஸிலுள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கைக்கு மட்டுமே உதவும். குரங்கின் கைக்கு உதவாது. நடக்கும் புலிக்கு 1/500 போதும். ஓடுவது, தாவுவது என்றால் 1/1000. ஏரிப் பக்கம் பறக்கும் நாரை, கூழைக்கடாவுக்கு 1/1600 அல்லது அதற்கு மேல். ஐஎஸ்ஓ ஏறுகிறதே என்று பயந்து ஷட்டரைக் குறைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. மணல் மணலாக வந்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிய கண்ணைச் சரிசெய்யவே முடியாது.

விலங்குக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள தரை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு பெரும்பாலும் அருகிலிருப்பதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளியை உங்களுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல் வையுங்கள்.

எதுவுமே கூர்மையாக இல்லை, ஆனால் இழுபடவும் இல்லை, விளிம்புகள் நெளிந்து தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றால் அது வெப்ப அலை. சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் தார்ச்சாலைக்கும் அகழிச் சுவருக்கும் மேலே இருபது, முப்பது மீட்டர் தள்ளி எடுக்கும் படங்களில் இது வரும். இதற்கு அமைப்பு எதுவும் கிடையாது. பத்துப் படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்றிரண்டு தேறலாம். இல்லாவிட்டால் காலையில்தான் வர வேண்டும்.

ஏசி காரிலிருந்து இறங்கிய பத்து நிமிடத்துக்குள் எடுத்தவை மட்டும் பனிமூட்டமாக இருந்தால், குளிர்ந்த லென்ஸின் மேல் கடலோரக் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. கேமராவை மூடிய பையிலேயே இருபது, முப்பது நிமிடம் வெளியில் வைத்திருந்து பிறகு திறவுங்கள். துடைத்தால் மறுபடி படியும்.

கம்பிவலை கோடு கோடாகத் தெரிகிறது

பறவைக் கூண்டு, குரங்குக் கூண்டு, சிறுத்தைக் கூண்டு எல்லாவற்றிலும் வரும் முதல் புகார் இதுதான். வலை எப்படி மறைகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கூண்டின் முன் நின்றாலும் என்ன செய்வது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

பறவையின் கண்ணில் ஒரு புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கிளம்பும் ஒளி கூம்பாக விரிந்து வந்து லென்ஸின் துவாரம் முழுக்க விழுகிறது. அந்தக் கூம்பு வலையைக் கடக்கும் இடத்தில் எவ்வளவு அகலம், அதில் கம்பி எவ்வளவு பங்கை மறைக்கிறது, இந்த இரண்டும்தான் கேள்வி. துவாரத்தின் அகலம் என்பது மி.மீ. அளவை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. 300 மி.மீ. லென்ஸ் எஃப்/5.6-இல் சுமார் 53 மி.மீ. அகலம். 6 மீட்டர் தள்ளிப் பறவை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பதால் வலை 1.2 மீட்டரில் இருக்கிறது என்று வைப்போம். வலை இருக்கும் இடத்தில் கூம்பின் அகலம் சுமார் 42 மி.மீ. கம்பி 3 மி.மீ. தடிமன் என்றால் அது மறைப்பது பத்து சதவீதத்துக்கும் குறைவான ஒளியை மட்டும். கண்ணுக்கே தெரியாது.

அதே பறவை வலைக்கு 30 செ.மீ. அருகில் வந்து உட்கார்ந்தால் கூம்பு வலையைக் கடக்கும் இடத்தில் பத்து, பதினோரு மி.மீ.தான். கம்பி அதில் கால்பங்குக்கு மேல் மறைத்துவிடும். சாம்பல் பட்டையாகத் தெரியும். அதனால்தான் பறவை கிட்டே வந்ததும் ஆசையாக எடுத்த படமே கெட்டுப்போகிறது.

இதிலிருந்து செய்ய வேண்டியவை:

1. ஜூமை முழுக்க நீட்டுங்கள். எஃப் எண்ணைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். எஃப்/11-க்குப் போனால் துவாரம் பாதியாகி வலை திரும்ப வந்துவிடும்.
2. தடுப்பு அனுமதிக்கும் அளவுக்கு வலையை நெருங்குங்கள். தடுப்பைத் தாண்டவோ, அதன் மேல் எட்டிக் கையை நீட்டவோ கூடாது. சிறுத்தையின் கை வலைக்கு வெளியே வரும் தூரத்தைக் கணக்கிட்டுத்தான் அந்தத் தடுப்பை வைத்திருக்கிறார்கள்.
3. விலங்கு வலையிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உள்ளே போகும்வரை காத்திருங்கள்.
4. வலையின் மேல் நிழல் விழும் பகுதியாகப் பார்த்து அதன் வழியே எடுங்கள். வெயில் பட்ட துத்தநாகப் பூச்சுக் கம்பி தானே ஒளிவிடும். எவ்வளவு கலங்கினாலும் படம் முழுக்க வெண்திரை போட்டுவிடும். கூட வந்தவரைக் குடை பிடிக்கச் சொன்னால் அந்த ஒரு சதுர அடி நிழலே போதும்.

எல்லாம் செய்தும் கொஞ்சம் வெளிறி வந்தால், கணினியில் கான்ட்ராஸ்டைக் கூட்டி, கருமையைச் சற்று இறக்கினால் சரியாகிவிடும்.

ஃபோகஸ் வலையிலேயே போய் நிற்கிறது என்பது இதன் கிளைக்கோளாறு. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி வலைக்கு முன்னால் தடுமாறும். அணைத்துவிட்டுச் சிறிய ஒற்றைப் புள்ளியைக் கண்ணிக்கு (கம்பிகளுக்கு இடையே உள்ள ஓட்டைக்கு) நடுவே வையுங்கள். அப்போதும் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தால் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி வளையத்தைத் திருப்புங்கள். விலங்கு தெளியத் தெளிய வலை கரைந்து காணாமல் போவதை வ்யூஃபைண்டரிலேயே பார்க்கலாம்.

கிட் லென்ஸும் கைப்பேசியும் வேறு வகை. 55 மி.மீ., எஃப்/5.6-இல் துவாரம் 10 மி.மீ.தான், கைப்பேசியில் மூன்று, நாலு மி.மீ. இவற்றால் வலையைக் கரைக்க முடியாது, ஆனால் கண்ணிக்குள் நுழைக்க முடியும். ஐந்து செ.மீ. கண்ணி என்றால் கைப்பேசி லென்ஸை அதன் நடுவில் வைத்து எடுத்தால் கம்பி படத்திலேயே வராது. தடுப்பு இல்லாத, கிளி, புறா போன்றவை உள்ள கூண்டுகளில் மட்டும் இதைச் செய்யுங்கள். குரங்குக் கூண்டில் செய்தால் கைப்பேசி உள்ளே போய்விடும். திரும்ப வராது.

கைப்பேசியில் 3 மடங்கு ஜூம் வைத்தும் வலை தெரிகிறதா? தூரத்தில் உள்ளதை எடுக்கும் டெலி லென்ஸால் அருகிலிருப்பதைப் பிடிக்க முடியாதபோது, கைப்பேசி சொல்லாமல் கொள்ளாமல் முதன்மை லென்ஸுக்கு மாறி, அதை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை கறுக்கவில்லை என்றால் மாறியிருக்கிறது. ஆட்டோ மேக்ரோவை (மிக அருகில் எடுக்கத் தானே மாறும் வசதி) அணைத்து, திரையில் விலங்கின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள்.

முன்வலை மறைந்து, பறவைக்குப் பின்னால் உள்ள வலை மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பறவை பின்சுவருக்கு ரொம்ப அருகில் இருக்கிறது. கூண்டின் நடுவுக்கு அது வரும்வரை பொறுங்கள், அல்லது இரண்டடி நகர்ந்து பின்னால் இலைக்கொத்தோ இருண்ட அறைவாசலோ வரும்படி நில்லுங்கள்.

கண்ணாடியில் உங்கள் முகமே தெரிகிறது

கிண்டி பாம்புப் பூங்கா மாதிரிக் கண்ணாடி அறைகளில் லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள இடைவெளிதான் காரணம். லென்ஸின் முனையில் மாட்டும் மடங்கும் ரப்பர் வளையமான லென்ஸ் ஹுட் ஒன்றை மாட்டி, கண்ணாடியில் மெல்ல ஒட்டி வைத்தால் பக்கவாட்டு வெளிச்சம் அடைபட்டுவிடும். ஹுட் இல்லையென்றால் கறுப்புத் துணியை லென்ஸைச் சுற்றிப் பிடிக்கலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் பாதிப் படத்தில் சட்டைதான் வரும்.

கேமராவைக் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் தடித்த கண்ணாடி படத்தை இரட்டிப்பாக்கும், விளிம்பு மங்கும். பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசர் மாட்டியும் பயனில்லையே என்று கேட்பவர்கள் நேராக நின்று எடுத்திருப்பார்கள். அது பிரதிபலிப்பை நன்றாக நீக்குவது கண்ணாடிக்கு நேர்க்கோட்டிலிருந்து 55 பாகை அளவுக்குச் சாய்ந்து பார்க்கும்போதுதான். நேராகப் பார்க்கையில் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது) ஒளியைத் தின்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. கழற்றி வையுங்கள்.

பாம்பைத் திரும்ப வைக்கக் கண்ணாடியைத் தட்டாதீர்கள். அந்த அதிர்வு அதன் உடம்பு முழுக்கப் போகிறது, நாளெல்லாம் நூறு பேர் தட்டுகிறார்கள்.

வெள்ளைப்புலி சுண்ணாம்பு அடித்ததுபோல், கருமந்தி சாம்பலாக

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் "வெள்ளை விலங்குக்குக் கூட்டு" என்று ஒரே விதியாக மனப்பாடம் செய்தால் பாதி நேரம் தப்பாகிவிடும். விலங்கு சட்டகத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள்.

வெள்ளைப்புலி இருண்ட மர நிழலில் சிறியதாக நின்றால், ஒளிமானி இருட்டைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கும். புலியின் கன்னத்தில் ரோமமே தெரியாது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை −0.7 முதல் −1 வரை குறையுங்கள். அதே புலியின் முகம் சட்டகத்தை நிறைத்தால் அழுக்குச் சாம்பலாக வரும்; +0.7 கூட்டுங்கள். வெளுத்த இடம் கண்சிமிட்டிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். கன்னமும் மூக்கின் மேற்பக்கமும் சிமிட்டினால் இன்னும் குறைக்க வேண்டும்.

நீலகிரிக் கருமந்தியும் கரடியும் இதற்கு நேர்மாறு. சட்டகத்தை நிறைத்தால் −0.7. வானத்தை முதுகில் வைத்துக் கிளையில் உட்கார்ந்தால் வெறும் நிழலுருவம்தான் வரும். +1 முதல் +1.3 கூட்டுங்கள், அல்லது நகர்ந்து வானத்தைத் தவிருங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது சிங்கவால் குரங்கு. கரிய முகம், அதைச் சுற்றி வெள்ளிப் பிடரி, இரண்டும் ஒரே படத்தில். நேர்வெயிலில் இரண்டில் ஒன்று போய்விடும். மேகம் மூடும்வரை காத்திருந்து, பிடரி வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, ரா கோப்பில் முகத்தின் நிழலை மட்டும் தூக்குங்கள். கண்ணில் ஒளிப்புள்ளி விழும்படி அது முகத்தைச் சற்று மேலே தூக்கும் கணம் வேண்டும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கரிய முகத்தில் கண் எங்கே என்றே தெரியாது. உச்சி வெயிலில் புருவ மேட்டின் நிழல் கண்ணை மூடிவிடுவதால் பத்தரை மணிக்குள் முயல்வது நல்லது.

விலங்கு குட்டியூண்டாகத் தெரிகிறது

1855-இல் சென்னை நகருக்குள் தொடங்கிய பூங்கா, 1985-இல் வண்டலூர்க் காட்டில் திறக்கப்பட்டபோது பெரிய விலங்குகளுக்கு அகழி சூழ்ந்த திறந்த வெளிகள் கிடைத்தன. அதனால் புலிப் படத்தில் கம்பி இருக்காது, தூரம் இருக்கும். 15 மீட்டரில் 55 மி.மீ. லென்ஸ் ஆறு மீட்டருக்கு மேல் அகலமான காட்சியைப் பிடிக்கும். புலி அதில் ஒரு மூலை. 300 மி.மீ. ஏறத்தாழ 1.2 மீட்டரைப் பிடிக்கும்; தலையும் தோளும் நிறைந்துவிடும். கைப்பேசியில் டெலி லென்ஸின் எல்லையைத் தாண்டி ஜூம் செய்வது வெறும் பெரிதாக்கல்தான். அங்கே நின்றுவிட்டு, மரம், பாறை, நிழல் எல்லாம் சேர்ந்த அகலமான படமாக எடுங்கள். காட்டுமாடு நிழலில் நிற்கும் அந்த மாதிரிப் படம் பல நேரம் முகப்படத்தை விட நன்றாகவே இருக்கும்.

மேலிருந்து பார்த்ததால் முதலை தட்டையாக இருக்கிறது

கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையில் சுவரோரம் நின்று நேர்கீழே எடுத்தால் முதுகு மட்டும்தான் வரும். கேமரா முதலையைவிட 2 மீட்டர் உயரத்தில் இருக்கையில், 3 மீட்டர் தள்ளியுள்ள முதலையை 34 பாகை சாய்வில் பார்க்கிறீர்கள். 10 மீட்டர் தள்ளியுள்ளதை 11 பாகையில்தான். எனவே கிட்டே இருப்பதை விட்டுவிட்டு, எதிர்க்கரையில் கிடப்பதை நீண்ட ஜூமில் எடுங்கள். கண் மட்டத்துக்கு அருகில் வந்துவிடும், பற்களின் வரிசையும் தெரியும்.

வாயைத் திறந்து கிடக்கும் முதலை உடல்சூட்டைச் சீராக்கிக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருக்கும். அவசரமே இல்லை. முழங்கையை ஊன்றிக்கொண்டு 1/200-க்கு இறங்கி, ஐஎஸ்ஓவைக் குறைத்து எடுக்கலாம். பட்டையைக் கழுத்தில் மாட்டுங்கள், லென்ஸ் மூடியைப் பையில் போடுங்கள். கீழே விழும் மூடியை முதலை விழுங்கக்கூடும்.

தண்ணீரில் கிடப்பதை எடுக்கையில் மேற்பரப்பு வெள்ளையாகப் பளபளத்தால் இங்கே போலரைசர் நன்றாக வேலை செய்யும். வளையத்தைத் திருப்பத் திருப்ப நீருக்குள் உடல் தெரிய ஆரம்பிக்கும்.

பின்னால் சுவர், குழாய், தீவனத் தொட்டி

எடுக்கும்போது கண் விலங்கின் மேலேயே இருப்பதால் வரும் கோளாறு. பொத்தானை அழுத்தும் முன் சட்டகத்தின் நாலு மூலையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இரண்டடி இடப்பக்கம் போனாலோ, குத்தவைத்து உட்கார்ந்தாலோ பெரும்பாலும் குழாய் ஒளிந்துவிடும்.

புலியும் மானும் பச்சையாக இருக்கின்றன

மரத்தடியில் இலை வழியே வடிகட்டி வரும் ஒளி பச்சைதான். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு) அதை அரைகுறையாகவே திருத்தும். மேகமூட்ட அமைப்புக்கு மாற்றி, பிறகு கணினியில் பச்சை–மெஜந்தா சாயலைத் திருத்தும் டின்ட்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். கூண்டின் சிமெண்ட் தூணை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

இருட்டுக் கூடத்தில் ஒன்றும் விழவில்லை

இரவில் நடமாடும் விலங்குகளின் கூடத்தில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். கைப்பேசியில் ஆட்டோ ஃப்ளாஷும், கேமராவில் ஃபோகஸுக்காக எரியும் சிறு விளக்கும் தாமாகவே எரியும்; இரண்டையும் வாசலிலேயே அணைத்துவிடுங்கள். தேவாங்கின் கண் அந்த இருட்டுக்காகவே ஆனது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் 1/60, ஐஎஸ்ஓ 6400-இல் முயலலாம். இல்லையென்றால் படம் வேண்டாம், நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் தூங்குகிறது

பதினொரு மணிக்கு மேல் போனால் தூங்கத்தான் செய்யும். செவ்வாய்க்கிழமை வண்டலூர் பூங்காவுக்கு விடுமுறை; மற்ற நாட்களில் திறந்தவுடன் உள்ளே இருங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கவுன்டரிலேயே சீட்டு வாங்கிக்கொண்டு, முக்காலிக்கு அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்பு என்பதால் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் சுற்றிவர முடியாது. மூன்று விலங்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து, தூரத்தில் உள்ளதற்கு பேட்டரி வண்டியில் முதலில் போய், ஒவ்வொன்றின் முன்பும் அரைமணி நேரம் நில்லுங்கள். மார்கழி, தைக் குளிரிலும், மழை விட்ட உடனேயும் விலங்குகள் கூடுதலாக நடமாடும்.

தூங்கும் புலி எழப்போவதற்கு அடையாளம் உண்டு: காது திரும்பும், வால் நுனி அசையும், முன்காலை நீட்டும். எழுந்ததும் கொட்டாவி விடும். முதல் கொட்டாவியைத் தவறவிட்டாலும் பெரும்பாலும் அடுத்தடுத்து இன்னொன்றாவது வரும். அதற்குள் தொடர்ந்து படம் எடுக்கும் பர்ஸ்ட்டுக்கு மாற்றி, ஷட்டரை 1/800-க்கு ஏற்றி, புள்ளியைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஜூமைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். வாய் திறக்கும்போது தலை மேலே போகும், காது வெட்டுப்பட்டுவிடும்.